ஈரல் எழுதி வைக்கும் கணக்கு

பிள்ளை கட்டிலில் மல்லாந்து படுத்திருக்கிறான். மார்கழிக் குளிரில் விறைத்த கையை வைத்தியர் ஒரு தடவை தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, வயிற்றின் வலப்பக்கத்தில் விலா விளிம்புக்குக் கீழே விரல்களைப் பதிக்கிறார். "மூச்ச நல்லா இழுங்க மகன்." மூச்சு உள்ளே போகப் போக ஈரல் கீழிறங்கி விரல் நுனியில் முட்டுகிறது. முட்டிய இடத்தில் பேனாவால் சின்னதாக ஒரு கோடு. விலா விளிம்பிலிருந்து அந்தக் கோடு வரை அளவுநாடாவை வைத்துப் பார்த்துவிட்டு, கிளினிக் கொப்பியில் எழுதுகிறார்: 4 செ.மீ. எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம்கூட இல்லை. அடுத்த பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள்.

பதுளை ஆஸ்பத்திரியில் தலசீமியாப் பிள்ளைகளுக்குக் குருதி ஏற்றும் நாளில் இப்படி ஒவ்வொரு வயிறாகத் தொட்டுப் பார்ப்பார்கள். வெலிமடையிலிருந்து ஹாலிஎல வழியாக பஸ்ஸில் வந்திறங்கிய தாய்க்கு அந்த 4 என்ற எண் பெரிதாகத் தெரியாது. ஆனால் பின்னொரு நாள் அந்தப் பிள்ளைக்கு எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை செய்யலாமா என்ற பேச்சு வந்தால், முதலில் கேட்கப்படும் எண்களில் அதுவும் ஒன்று. மச்சை மாற்றின் வெற்றி தோல்வியை வேலூர், மஹரகம மருத்துவமனைகளின் கண்ணாடி அறைக்குள் நடப்பவை மட்டும் தீர்மானிப்பதில்லை. அதற்கு முந்திய ஏழெட்டு ஆண்டுகளில் பதுளையிலும் வெலிமடையிலும் நடந்தவையும் நடக்காமற் போனவையும் பெரும்பங்கைத் தீர்மானித்துவிடுகின்றன. ஈரல் அவ்வளவையும் கணக்கெழுதி வைத்திருக்கிறது.

தலசீமியா, பதுளை இருக்கும் ஊவாவுக்கு வந்த கதையை நுளம்பிடம்தான் கேட்க வேண்டும். தலசீமியாப் பரம்பரையலகை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவர், அதாவது காவி, நோயாளி அல்லர். அவருடைய செங்குருதிக் கலங்கள் சற்றுச் சிறியவை, அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்களை மலேரியா எளிதில் கொல்வதில்லை, அதனால்தான் மலேரியா நாடுகளில் இந்தக் குறைபாடு இவ்வளவு பரவிக் கிடக்கிறது என்று 1949இல் மரபியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன் ஊகித்தார். பிற்கால ஆய்வுகள் அந்த ஊகத்துக்கு வலுச் சேர்த்தன. இலங்கையின் வரைபடத்தைப் பார்த்தாலும் அப்படித்தான். குருநாகல், அனுராதபுரம், ஊவாவின் தாழ்நிலங்களான மொனராகலை, பிபிலை, மஹியங்கனை எனப் பழைய மலேரியாப் பிரதேசங்களும் தலசீமியா அதிகமுள்ள பிரதேசங்களும் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது. மலேரியா போய்விட்டது. அது விட்டுவிட்டுப் போன பரம்பரையலகு போகவில்லை.

வெலிமடை அந்த நுளம்புக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. உருளைக்கிழங்கும் கரட்டும் லீக்ஸும் விளையும் குளிர்நாடு. ஆனால் பரம்பரையலகு மனிதரோடு மலை ஏறும். தாழ்நிலத்துச் சிங்கள, முஸ்லிம் குடும்பங்கள் மேட்டில் குடியேறியிருக்கின்றன. தோட்டத் தமிழரின் முன்னோர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதுரை, திருச்சி, சேலம் சீமைகளின் சமவெளிகளிலிருந்து வந்தவர்கள். அங்கேயும் மலேரியா இருந்தது. இலங்கையில் அதிகம் காணப்படும் பீட்டா தலசீமியாப் பிறழ்வும் இந்தியாவில் அதிகம் காணப்படும் பிறழ்வும் ஒன்றேதான். நாட்டின் 23 நிலையங்களில் சிகிச்சை பெறுவோரைக் கணக்கெடுத்து 2019இல் வெளிவந்த ஆய்வொன்றில் 1,774 நோயாளர்கள் பதிவானார்கள். அவர்களில் 1,219 பேருக்குக் கடும் பீட்டா தலசீமியா. 360 பேருக்கு ஈமோகுளோபின் ஈ கலந்த வகை.

இந்தப் பிள்ளைகளின் மச்சை சும்மா இருப்பதில்லை. ஓயாமல் செங்குருதிக் கலங்களை உண்டாக்கிக்கொண்டேதான் இருக்கிறது. ஈமோகுளோபினின் இரண்டு வகைச் சங்கிலிகளில் ஒன்று குறைவாகவோ இல்லாமலோ போவதால், மிஞ்சிய மற்றச் சங்கிலி கலத்துக்குள் படிந்து அதைக் கொன்றுவிடுகிறது. பெரும்பாலான கலங்கள் மச்சையை விட்டு வெளியே வருமுன்னரே செத்துப்போகின்றன. மச்சை இன்னும் முயல்கிறது, இன்னும் விரிகிறது. கன்ன எலும்பும் நெற்றி எலும்பும் அகன்று முகமே மாறிப்போகிறது. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பிறருடைய குருதியை ஏற்றினால் இவையெல்லாம் அடங்கும். பிள்ளை ஓடும், விளையாடும், பள்ளிக்கூடம் போகும்.

அதற்குக் கொடுக்கும் விலை இரும்பு. ஒரு பை குருதியில் 200 முதல் 250 மில்லிகிராம் வரை இரும்பு இருக்கிறது. வளர்ந்த ஓர் ஆளின் உடலில் உள்ள மொத்த இரும்பே 3, 4 கிராம்தான். வருடத்துக்குப் பதினைந்து பை ஏறும் பிள்ளையின் உடம்புக்குள், ஒரு முழு மனிதனுக்குரிய இரும்பு ஒரே வருடத்தில் வந்து சேர்கிறது. மிஞ்சிய இரும்பை வெளியே தள்ள மனித உடலில் வழி கிடையாது. நாளொன்றுக்கு ஓரிரு மில்லிகிராம் தோலோடும் குடற்சுவரோடும் உதிரும், அவ்வளவே. வந்தது ஈரலில் படியும். பிறகு இதயத்திலும் கணையத்திலும் பிட்யூட்டரிச் சுரப்பியிலும். உணவிலிருந்து வரும் இரும்பைத் தேத்தண்ணி ஓரளவு தடுக்கும் என்பது உண்மை. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்கும்படி தலசீமியாப் பிள்ளைகளுக்கு வைத்தியர்களே சொல்வதுண்டு. குருதிப் பையின் வழியே வரும் இரும்பை எந்தத் தேத்தண்ணியாலும் தடுக்க முடியாது.

அதை வெளியேற்ற மருந்து இருக்கிறது. பழையது டெஸ்பெரொக்சமீன். வயிற்றுத் தோலுக்கடியில் மெல்லிய ஊசியைக் குத்தி, சிறிய பம்ப் ஒன்றை இடுப்பில் கட்டி, இரவு எட்டு மணிநேரம் முதல் பன்னிரண்டு மணிநேரம் வரை சொட்டுச் சொட்டாகச் செலுத்த வேண்டும். வாரத்தில் ஐந்து இரவாவது. புதியது வாயால் எடுக்கும் டெபெராசிரொக்ஸ். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் லயத்துக் காம்பராவில், விடிந்தால் மலைக்குப் போக வேண்டிய அம்மா, அழும் பிள்ளைக்கு இரவுக்கிரவு ஊசி குத்துவதை நினைத்துப் பாருங்கள். கிளினிக்குக்குப் போகும் நாளில் அவளுக்குப் பேர், அதாவது நாட்கூலி, விழாது. பிந்தி வந்து கொழுந்தெடுத்தாலும் அரைப்பேர்தான். "மருந்தை ஒழுங்காகப் போடவில்லை" என்று கொப்பியில் எழுதுவது எளிது. நூல்களில் இதற்கு ஒத்துழையாமை என்று பெயர். எனக்கு அந்தச் சொல் அறவே பிடிக்காது.

இனி மச்சை மாற்று. நோய் மச்சையில் உள்ள மூலக்கலங்களில்தான் இருக்கிறது. அவற்றை அழித்துவிட்டு இன்னொருவரின் நல்ல மூலக்கலங்களைக் குடியேற்றினால் பிள்ளை தன் குருதியைத் தானே உண்டாக்கும். சொல்வதற்கு இவ்வளவுதான். அமெரிக்க வைத்தியர் டொனல் தோமஸ் 1957இல் தம் முதல் முயற்சிகளை வெளியிட்டபோது, மச்சை ஏற்றப்பட்ட ஆறு நோயாளர்களில் ஒருவரும் நூறு நாளைத் தாண்டவில்லை. அப்போது இழையப் பொருத்தம் பற்றி எவருக்கும் தெளிவில்லை. வெண்குருதிக் கலங்களின் மேற்பரப்பிலுள்ள எச்.எல்.ஏ. அடையாளங்களைப் பிரான்ஸில் ழான் டோஸே கண்டதெல்லாம் அதற்கடுத்த வருடம். 1960களில் பலர் இந்தத் துறையையே கைவிட்டுப் போனார்கள். தோமஸ் நாய்களில் பரிசோதனையைத் தொடர்ந்தார். 1990இல் அவருக்கு நொபெல் பரிசு கிடைத்தது.

தலசீமியாவுக்கு இந்தச் சிகிச்சை முதன்முதல் நடந்தது 1981 டிசம்பரில். இரண்டே வார இடைவெளியில் இரண்டு நாடுகளில். அமெரிக்காவின் சியாற்றிலில் தோமஸின் குழுவினர், இரண்டு வயதுகூட ஆகாத, அதுவரை குருதியே ஏற்றாத ஒரு குழந்தைக்கு அதன் சகோதரியின் மச்சையை ஏற்றினார்கள். குழந்தை குணமாயிற்று. இத்தாலியின் பெசாரோ நகரில் வைத்தியர் குய்தோ லூக்கரெல்லி 14 வயதுப் பிள்ளையொன்றுக்குச் செய்தார். அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே ஏறக்குறைய 150 தடவை குருதி ஏற்றியிருந்தார்கள். ஏற்றிய மச்சை நிலைக்கவில்லை. தலசீமியா திரும்பி வந்தது. ஒரே நோய், ஒரே சிகிச்சை. சிகிச்சைக்கு முந்திய வாழ்க்கைதான் வேறு.

லூக்கரெல்லி இதைத் தற்செயலென்று விட்டுவிடவில்லை. பெசாரோவில் தொடர்ந்து செய்து, 1990இல் 222 பிள்ளைகளின் முடிவுகளை வெளியிட்டார். சிகிச்சைக்கு முன் மூன்று கேள்விகள். ஈரல் விலாவுக்குக் கீழே 2 சென்டிமீற்றருக்கு மேல் இறங்கியிருக்கிறதா? ஈரலிலிருந்து எடுத்த துணுக்கில் தழும்பு தெரிகிறதா? இரும்பை வெளியேற்றும் மருந்து ஒழுங்காகக் கிடைக்காமற் போயிருக்கிறதா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால் முதலாம் வகுப்பு. மூன்றுக்கும் 'ஆம்' என்றால் மூன்றாம் வகுப்பு. இடைப்பட்டவர்கள் இரண்டாம் வகுப்பு. முதலாம் வகுப்பில் மூன்று ஆண்டுகளின் பின் 94 வீதமானோர் உயிரோடும் தலசீமியா இல்லாமலும் இருந்தார்கள். மூன்றாம் வகுப்பில் உயிர் தப்பியவர்கள் 61 வீதம்; நோயற்று இருந்தவர்கள் 53 வீதம். மருத்துவ வரலாற்றில் இவ்வளவு மலிவான கேள்விகள் இவ்வளவு பெரிய இடைவெளியைக் காட்டிய இடங்கள் குறைவு.

ஈரலுக்கு அப்படி என்ன நடக்கிறது? புதிய மூலக்கலங்களுக்கு இடம்விடப் பழைய மச்சையை அழிக்க வேண்டும். அதற்கு நெடுங்காலமாகப் பயன்பட்ட மருந்துகள் பியூசல்பானும் சைக்கிளோபொஸ்பமைட்டும். இரண்டையும் ஈரல்தான் கையாள வேண்டும். ஈரலுக்குள் குருதி ஓடும் நுண்ணிய வாய்க்கால்களின் உட்சுவர் இந்த மருந்துகளின் நச்சால் கழன்று அடைபடுகிறது. முதல் மூன்று வாரத்துக்குள் பிள்ளையின் நிறை காரணமில்லாமல் ஏறும், நீர் கோத்துக்கொள்ளும். ஈரல் வீங்கித் தொட்டால் வலிக்கும். கண் மஞ்சளாகும். கடுமையாக வந்தால் சிறுநீரகமும் நுரையீரலும் சேர்ந்து விழும். இரும்பு படிந்து தழும்பேறிய ஈரலில் இது வரும் வாய்ப்பும் அதிகம், வந்தால் மீளும் வாய்ப்பும் குறைவு. இதற்கு டிபைப்ரொடைட் என்று ஒரு மருந்து உண்டு. அதன் விலை நம் நாடுகளில் பலரைத் தூரத்திலேயே நிறுத்திவிடும்.

இங்கேதான் வேலூர் வருகிறது. இந்தியாவின் வெற்றிகரமான முதல் மச்சை மாற்று 1983இல் மும்பையின் டாடா நினைவு மருத்துவமனையில், ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு சிறுமிக்கு நடந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1986இல் தொடங்கியது; அங்கே முதல் நோயாளிக்கு வந்திருந்தது தலசீமியா. டாக்டர் மம்மன் சாண்டியின் குழுவினர் எதிர்கொண்டது பெசாரோவின் பிள்ளைகளை அல்ல. வயது கூடிப்போய், மருந்து சரிவரக் கிடைக்காமல், வயிறு முட்ட ஈரலும் மண்ணீரலுமாக வந்த பிள்ளைகளை. நம் தோட்டத்துப் பிள்ளைகளும் அதே சாயல்தான். பெசாரோவின் மூன்றாம் வகுப்பு என்ற பெயர் அவர்களை விவரிக்கப் போதவில்லை. 2007இல் வேலூர்க் குழு மூன்றாம் வகுப்புக்குள்ளேயே இன்னொரு கோடு கிழித்தது: 7 வயதும் அதற்கு மேலும், ஈரல் 5 சென்டிமீற்றரும் அதற்கு மேலும். இவர்கள்தான் மிக ஆபத்தில் இருப்பவர்கள். கிளினிக் கொப்பியில் பேனாக் கோட்டை வைத்து எழுதிய அந்த எண்ணின் பெறுமதி இப்போது தெரிந்திருக்கும். 4க்கும் 5க்கும் நடுவில் ஒரு சென்டிமீற்றர்தான்.

வகுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. பியூசல்பானை விட்டுவிட்டு, ஈரலைக் குறைவாகக் காயப்படுத்தும் திரியோசல்பானுக்கு மாறினார்கள். 2013இல் டாக்டர் விக்ரம் மாத்யூஸும் சகாக்களும் வெளியிட்ட முடிவின்படி, மிக ஆபத்தில் இருந்த அந்தக் கூட்டத்தில் மூன்றாண்டு உயிர் தப்புதல், பழைய முறையில் 40 வீதத்தையும் எட்டாமல் இருந்தது. புதிய முறையில் 85 வீதத்தைத் தாண்டியது. பெசாரோவின் பாடத்தை வேலூர் தன் நோயாளருக்கு ஏற்றபடி திருத்தி எழுதியது என்றே நான் சொல்வேன். இலங்கையில் இந்தச் சிகிச்சை வேர்விட்டதெல்லாம் அண்மையில்தான். மஹரகம அபேக்ஷா மருத்துவமனையிலும் கொழும்பின் தனியார் துறையிலும் இன்று நடக்கிறது. இந்தியாவில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கோல் இந்தியா நிறுவனத்தின் நிதியுதவித் திட்டம் 2017 முதல் இருக்கிறது. அது இந்தியக் குடிமக்களுக்கு மட்டும். வெலிமடைப் பிள்ளை வேலூருக்குப் போனால் வெளிநாட்டு நோயாளி.

கொடையாளரைத் தேடுவது ஒரு கணக்கு. எச்.எல்.ஏ. அடையாளங்கள் ஆறாம் நிறமூர்த்தத்தில் கூட்டமாக இருந்து, தாயிடமிருந்து ஒரு தொகுதி, தந்தையிடமிருந்து ஒரு தொகுதி என்று வருகின்றன. ஆகவே கூடப்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. பீட்டா குளோபின் இருப்பது பதினோராம் நிறமூர்த்தத்தில். இரண்டும் தொடர்பின்றிக் கடத்தப்படும். பொருந்துகிற அந்தப் பிள்ளைக்கும் தலசீமியா இல்லாமலிருக்க நாலில் மூன்று. பெருக்கினால் பதினாறில் மூன்று. கூடப்பிறந்தவர் இருவர் இருந்தால் மூன்றில் ஒரு வாய்ப்புத்தான். காவியாக இருக்கும் சகோதரர் கொடுக்கலாம், தடையில்லை. ஏழெட்டுப் பிள்ளை பெற்ற காலத்தில் தோட்டங்களில் இந்தச் சிகிச்சை இல்லை. சிகிச்சை வந்தபோது இரண்டு மூன்று பிள்ளைகளோடு குடும்பம் நின்றுவிடுகிறது.

மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டும் வழக்கம் இந்தக் கணக்கை இருபக்கமும் அசைக்கிறது. ஒரே பாட்டனின் தலசீமியாப் பரம்பரையலகு இருவரிடமும் வந்து சேர்ந்து பிள்ளை நோயோடு பிறக்க அது வழிவிடும். அதே வழக்கத்தால், சொந்தத்துக்குள் கட்டிய குடும்பங்களில் தாயோ தந்தையோ சித்தப்பாவோகூட முழுமையாகப் பொருந்திவிடுவது உண்டு. அதனால்தான் அப்படிப்பட்ட குடும்பங்களில் உறவு வட்டம் முழுவதையும் பரிசோதிப்பார்கள். உறவில் கிடைக்காவிட்டால் அந்நியர் பதிவேடுகள். உலகம் முழுவதும் நான்கு கோடிக்கு மேற்பட்டோர் பதிந்திருக்கிறார்கள். சென்னையில் 2009இல் தொடங்கிய தாத்ரி அவற்றுள் ஒன்று. தெற்காசியர் பதிந்தது குறைவு என்பதால் நமக்குப் பொருத்தம் கிடைப்பதும் குறைவு. பாதி பொருந்தும் தாய் தந்தையரின் மச்சையை ஏற்றும் முறையும் இப்போது வளர்ந்துவருகிறது.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்குக் குருதி வேண்டுமென்றால் அப்பாவும் மாமாவும் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு ஓடிவருவது நம் சனத்தின் இயல்பு. மச்சை மாற்று என்றாவது நடக்கலாம் என்றால் அந்தக் குருதி வேண்டாம். உறவினரின் குருதியைப் பெற்ற உடல், அவர்களின் இழைய அடையாளங்களுக்கு எதிராகப் பழகிவிடுகிறது. பிறகு அண்ணனின் மச்சையை ஏற்றினால் தள்ளிவிடக்கூடும். போயா தினத்தில் பன்சலையில் யாரோ முகந்தெரியாத ஒருவர் கொடுத்த குருதிதான் பாதுகாப்பானது.

கொடையாளரிடமிருந்து மச்சை எடுக்கையில் அவரை மயக்கி, இடுப்பெலும்பின் பின்மேட்டில் ஊசியால் பல இடங்களில் குத்தி உறிஞ்சுவார்கள். பெறுபவரின் நிறையில் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லிலீற்றர். பார்த்தால் தடித்த குருதி போலவே இருக்கும். கொடுத்த பிள்ளை ஓரிரு நாளில் எழுந்து நடக்கும். பெறும் பிள்ளைக்கு சத்திரசிகிச்சையே கிடையாது. பையிலிருந்து நரம்புக்குழாய் வழியே இறங்குவதோடு சரி. பார்த்துக்கொண்டிருக்கும் தாய் "இவ்வளவுதானா?" என்று கேட்பாள். அந்த நாளுக்குப் பூச்சியம் என்று பெயர். அதிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள்.

அடுத்த நாட்களில் வாய் முழுக்கப் புண். முடி கொட்டும். வெண்குருதிக் கலங்கள் இல்லாத இரண்டு மூன்று வாரத்தில், தன் குடலிலேயே வாழும் பற்றீரியா பிள்ளையின் குருதிக்குள் புகும். காற்றில் மிதக்கும் பூஞ்சண வித்து நுரையீரலில் முளைக்கும். பிறகு ஒரு காலை அறிக்கையில் நியூட்ரோபில் என்னும் வெண்குருதிக் கலங்கள் 500ஐத் தாண்டும்; மூன்று நாள் தொடர்ந்து தாண்டினால் மச்சை பிடித்துவிட்டது என்பார்கள். கொடையாளரின் குருதி வகை வேறென்றால் பிள்ளையின் குருதி வகையும் மாறிப்போகும். சில வேளை இருவரின் மச்சையும் கலந்தே நிற்கும். கொடையாளரின் கலங்கள் நூற்றுக்கு இருபது முப்பது வீதம் இருந்தாலே குருதி ஏற்றாமல் வாழும் பிள்ளைகள் உண்டு என்று பெசாரோவில் கண்டார்கள்.

மச்சை பிடித்தபின் வரும் ஆபத்து எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது. கொடையாளரின் மச்சையோடு வந்த ரி கலங்கள் என்னும் நோயெதிர்ப்புக் கலங்களுக்குப் புதிய உடம்பே அந்நியமாகப் படுகிறது. முதலில் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவக்கும், அரிக்கும். குடலில் என்றால் லீற்றர் கணக்கில் வயிற்றுப்போக்கு. ஈரலில் என்றால் மஞ்சள். இதைத் தடுக்கத்தான் சைக்கிளொஸ்போரினும் மெதொட்ரெக்சேற்றும். நாட்பட்ட வகை மாதங்கள் கழித்து வரும்: கண்ணீர் வற்றும், எச்சில் வற்றும், தோல் இறுகும், மூச்சு சிறுக்கும். ரத்தப் புற்றுநோய்க்காரருக்கு இந்த எதிர்ப்பில் ஒரு நன்மை உண்டு. வந்த கலங்கள் மிஞ்சிய புற்றுக்கலங்களையும் தின்றுவிடும். தலசீமியாவில் கொல்லவேண்டிய புற்று எதுவும் இல்லை. இங்கே இது வெறும் நட்டம்.

ஆகவே நூறு நாள் வரையாவது மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்க வேண்டும். அதன்பின்னும் மாதக்கணக்கில் நிர்ப்பீடனம் மீளாது. ஊருக்குத் திரும்பும் பிள்ளையின் வீட்டை நினைத்தால் பயம் வருகிறது. காம்பராவுக்குள்ளேயே விறகடுப்பு. மழைக்காலத்தில் சுவரோரம் கறுத்த பூஞ்சணம். பீலித் தண்ணி. பக்கத்துக் கிழங்குத் தோட்டத்தில் குவித்த மாட்டெரு. அதில் நிறைந்திருக்கும் அஸ்பர்ஜிலஸ் வித்துக்கள். சிறுவயதில் போட்ட தடுப்பூசிகளின் பாதுகாப்பும் பழைய மச்சையோடு போய்விடும். எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டும்; சின்னமுத்துக்குரியதைப் போன்ற உயிருள்ள தடுப்பூசிகளுக்கு இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். மச்சை மாற்றுக்குப் பணம் சேர்க்கும் நல்லுள்ளங்கள் வீட்டுக்கு ஒரு தனி அறையும் புகைபோக்கியும் கட்டப் பணம் சேர்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

எல்லாம் நல்லபடி முடிந்தாலும் பழைய இரும்பு ஈரலிலேயே கிடக்கும். அதற்கு ஒரு வழி உண்டு. இப்போது பிள்ளையின் மச்சை நல்ல குருதியை உண்டாக்குகிறதல்லவா? இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிலோவுக்கு 6 மில்லிலீற்றர் வீதம் அந்தக் குருதியை எடுத்துவிடுகிறார்கள். புதிய குருதியை உண்டாக்க மச்சைக்கு இரும்பு வேண்டும். அதற்காக மச்சை ஈரலின் இருப்பில் கைவைக்கிறது. வருடக்கணக்கில் ஏற்றிய அதே கையில் இப்போது எடுக்கிறார்கள். ஓரிரு ஆண்டில் இரும்பு இறங்கிவிடும். தொடக்கநிலைத் தழும்பு மறைந்த ஈரல்களும் உண்டு.

மறையாதது மகப்பேறின்மை. மச்சையை அழிக்கும் மருந்து, சூலகத்தையும் விதையையும் தாக்கும். பெண்பிள்ளைகள் பலர் ஓமோன் சிகிச்சை இல்லாமல் பருவமடைவதில்லை. இதைக் கையொப்பம் வாங்கும் தாளில் ஒரு வரியாக வைக்காமல், தாய் தகப்பனை உட்காரவைத்துத் தமிழில் சொல்ல வேண்டும். புதிதாக வந்திருக்கும் பரம்பரையலகுச் சிகிச்சைகளுக்கும் இந்த விடயத்தில் விலக்கில்லை. 2023 நவம்பரில் பிரித்தானியா ஒப்புதல் அளித்த காஸ்கெவிக்குக் கொடையாளர் வேண்டாம். பிள்ளையின் சொந்த மூலக்கலங்களையே திருத்தித் திருப்பி ஏற்றுகிறார்கள். ஆனால் அதற்கு முன் பியூசல்பான் தவிர்க்க முடியாதது. அமெரிக்காவில் அதன் விலை 22 இலட்சம் டொலர்.

அப்படியானால் செய்யலாமா, வேண்டாமா? ஐரோப்பியப் பதிவேட்டில் 2000 முதல் 2010 வரை தலசீமியாவுக்கு மச்சை மாற்றிய 1,493 பேரில், இரண்டாண்டு முடிவில் 88 வீதமானோர் உயிரோடு இருந்தார்கள். 81 வீதமானோர் நோயின்றி இருந்தார்கள். 14 வயதுக்கு முன் செய்தவர்களின் முடிவு அதைவிட நன்று. மறுபக்கத்தில், குருதியும் இரும்பு மருந்தும் தவறாமல் கிடைத்தால் தலசீமியாவோடு நாற்பது ஐம்பது வயது வரை வாழ்பவர்கள் இன்று உலகில் ஏராளம். எனவே பொருந்தும் சகோதரர் இருந்து, ஈரல் இன்னும் கெடாத, ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மச்சை மாற்றை முனைந்து தேடுங்கள் என்பேன். ஈரல் இறங்கிய பதினைந்து வயதுப் பிள்ளையின் பெற்றோரை அவசரப்படுத்த எனக்கு மனம் வராது. அந்தப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது ஒழுங்கான மருந்து.

இனி, நோயைத் தடுப்பது. இலங்கையில் கருவிலேயே நோயைக் கண்டுபிடித்தாலும், தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருவைக் கலைக்கச் சட்டம் இடந்தராது. ஆகவே தடுக்கும் வழி, காவியா என்று கல்யாணத்துக்கு முன்னரே பார்த்துக்கொள்வது. தோட்டத்துப் பெண்களில் குருதிச்சோகை அவ்வளவு சாதாரணம் என்பதால், சோகையென்றால் இரும்பு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். இரும்புக் குறைவிலும் செங்குருதிக் கலம் சிறுக்கும், தலசீமியாக் காவியிலும் சிறுக்கும். மாதக்கணக்கில் மாத்திரை எடுத்தும் கலத்தின் பருமன் ஏறவில்லையென்றால், தலசீமியாக் காவியா என்று பார்க்கும் பரிசோதனையைக் கேளுங்கள். சாதாரண முழுக் குருதிப் பரிசோதனைத் தாளில் எம்.சி.வி. 80க்குக் கீழே, அல்லது எம்.சி.எச். 27க்குக் கீழே இருந்தால் அது போதிய காரணம். வெலிமடை ஆஸ்பத்திரியில் எடுத்த அந்தத் தாளோடு பதுளைக்குப் போங்கள். உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு தலசீமியாப் பிள்ளை இருந்தால், கூடப்பிறந்தவர்களின் இழையப் பொருத்தத்தைப் பார்க்கச் சொல்லி அடுத்த கிளினிக்கிலேயே கேளுங்கள். ஈரல் எத்தனை சென்டிமீற்றர் என்று கொப்பியில் எழுதியிருப்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.